கோட்டக்கல்: வயிற்றைக் கேட்டு மனசைப் படிக்கும் ஊர்

ஆடி மாதத்து மழை. திரூர் ரயில் நிலையத்தின் கூரையில் சடசடவென்று விழுந்துகொண்டிருக்கிறது. பாலக்காட்டிலிருந்து வந்த ரயிலிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் இறங்குகிறார்கள். அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்ப்பவர். அமெரிக்க நேரத்துக்கு ஈடுகொடுத்து இரவெல்லாம் விழித்திருக்கிற வேலை.

"சாப்டறதும் சரியில்லை, தூங்கறதும் சரியில்லை. எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுறா" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் வாத்தியார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஷொர்ணூரைத் தாண்டியதும் ரயிலோடு கூடவே ஓடிவருகிறது பாரதப்புழை. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாற்றுத் தண்ணீரும் கடைசியில் இந்த ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. "நம்ம ஊர்த் தண்ணி கண்ணு" என்று அப்பா காட்டியபோதுதான் மகள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

இருவரும் போய்க்கொண்டிருப்பது கோட்டக்கல்லுக்கு. திரூரிலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில், மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிற சிறிய நகரம். கை, கால் வலிக்கு எண்ணெய் வாங்குகிற யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் மட்டுமல்ல, பசி எடுக்காதவர்களும் தூக்கம் வராதவர்களும் மனசு சரியில்லாதவர்களும் அங்கே வருகிறார்கள்.

திரூர் வெற்றிலை

ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் வெற்றிலை. திரூர் வெற்றிலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை போடுவது நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்குப் பழக்கம் மட்டுமல்ல, செரிமானத்துக்கான ஏற்பாடும்கூட. புகையிலை சேராதவரைக்கும் அதில் கெடுதல் இல்லை என்பது பழைய வைத்தியர்கள் கணக்கு. புகையிலை சேர்ந்துவிட்டால் கதையே வேறு.

மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படுகிற துஞ்சத்து எழுத்தச்சனின் நினைவிடமான துஞ்சன் பறம்பும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆடி மாதம் கேரளத்தில் கர்க்கடகம். வீடுகள்தோறும் அவருடைய ராமாயணத்தை வாசிக்கிற மாதம். அதே மாதத்தில்தான் வீடுகள்தோறும் மருந்துக் கஞ்சியும் கொதிக்கிறது. மனசுக்கு வாசிப்பு, வயிற்றுக்குக் கஞ்சி. இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்து வைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றும்.

ஒரு வாரியரின் கனவு

கோட்டக்கல் ஒருகாலத்தில் கோழிக்கோட்டு சாமூதிரி மன்னர் குடும்பத்தின் ஒரு கிளை வாழ்ந்த ஊர். அவர்களுடைய கிழக்கே கோவிலகத்தால் பெயர் பெற்றிருந்த ஊருக்கு, வேறொரு பெயரை வாங்கித் தந்தவர் பி.எஸ்.வாரியர். 1869-ல் பிறந்தவர். அஷ்ட வைத்தியர் மரபில் வந்த குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸிடம் ஆயுர்வேதம் படித்தார். அதோடு நிற்காமல் மஞ்சேரியில் ஓர் ஆங்கில வைத்தியரிடம் சேர்ந்து நவீன மருத்துவமும் கற்றுக்கொண்டார். 1902-ல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கினார்.

அதற்கு முன்பெல்லாம் வைத்தியர் ஓலையில் மருந்துகளின் பெயரை எழுதித் தருவார். வேரையும் பட்டையையும் தேடிப் பிடித்து, இடித்து, காய்ச்சி, வடித்துக் குடிப்பது நோயாளியின் வேலை. காய்ச்சலில் கிடப்பவன் காட்டுக்குப் போய் வேர் தோண்ட முடியுமா? கஷாயத்தைத் தயாரித்துப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார் வாரியர். இன்றைக்கு எல்லா ஆயுர்வேதக் கடைகளிலும் பார்க்கிற புட்டிகளுக்கு அந்த முயற்சி ஒரு பெரிய ஆரம்பம். 1903-ல் 'தன்வந்தரி' என்ற மருத்துவப் பத்திரிகை, பிறகு ஆயுர்வேதக் கல்லூரி, ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1944-ல் அவர் மறைந்தபோது சொத்து முழுவதையும் அறக்கட்டளையாக்கி வைத்திருந்தார்.

அவருக்குப் பிறகு நீண்டகாலம் பொறுப்பில் இருந்தவர் பி.கே.வாரியர். 1953-ல் பொறுப்பேற்றவர், 2021 ஜூன் மாதம் நூறு வயதைக் கொண்டாடிவிட்டு, அடுத்த மாதம் காலமானார். அளவான சாப்பாடு, ஒழுங்கான நேரம் என்று புத்தகம் சொல்வதை வாழ்ந்தே காட்டியவர் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

ரோஜா நிறத் தண்ணீர்

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வாசனை வரும். எண்ணெயும் வேரும் பட்டையும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. மழை ஈரத்தில் அது தெருவைவிட்டு நகராமல் நிற்கும். மருந்துக் கடைகள், சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கும் விடுதிகள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கும் மனிதர்கள். இந்த ஊரில் யாரும் அவசரப்படுவதாகத் தெரியாது.

விடுதிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும், தம்ளரில் ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தார்கள். வாத்தியார் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன தம்பி, தண்ணி கலங்கலா இருக்குது?"

கடைக்காரர் சிரித்தார். அது பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். கேரளத்துக் கடைகளில் இது சர்வ சாதாரணம். சில இடங்களில் சீரகத் தண்ணீர், சில இடங்களில் சுக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் கொதித்தாறிய தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. தண்ணீரால் பரவும் நோய்கள் பெருகுகிற மாதத்தில் அதைவிட நல்ல யோசனை என்ன இருக்க முடியும்? வெறும் வெந்நீர் என்றால் யாரும் குடிக்க மாட்டார்கள். ஒரு நிறமும் மணமும் சேர்த்துவிட்டால் சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

"தட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்?"

தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பிய மருத்துவர் சிறிய வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறார். நடுத்தர வயதுப் பெண்மணி. தமிழ் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மலையாளத் தமிழ். வாத்தியாரின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கேரள வழக்கப்படி அவரை "மாஷே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மகளிடம் அவர் கேட்ட கேள்விகள் வாத்தியார் எதிர்பார்த்தவை அல்ல. என்ன சாப்பிடுகிறாய் என்பது கடைசியில்தான் வந்தது. பசித்துச் சாப்பிடுகிறாயா, மணி ஆனதால் சாப்பிடுகிறாயா? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் மறுபடி பசிக்கிறது? ஏப்பத்தில் சாப்பிட்டதன் வாசனை வருகிறதா? காலையில் நாக்கைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாயா? சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்?

"போன் இருக்கும்" என்றார் மகள், மெதுவாக.

ஆயுர்வேதம் வயிற்றுக்குள் ஒரு நெருப்பு இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அக்னி என்று பெயர். நான்கு வகை. ஒழுங்காக எரிவது ஒன்று. ஒருநாள் எரிந்து ஒருநாள் அணைவது இன்னொன்று. போட்டதையெல்லாம் பொசுக்கிவிட்டு மறுபடி கேட்பது மூன்றாவது. புகைந்துகொண்டே இருப்பது நான்காவது. விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. புகைகிற அடுப்பில் மேலும் மேலும் விறகைத் திணித்தால் என்ன ஆகும்? முன்பு சாப்பிட்டது செரிக்கும் முன்பே அடுத்ததைச் சாப்பிடுவது அப்படித்தான்.

மகள் தன் வழக்கத்தைச் சொன்னார். மாலை எழுந்ததும் காபி. வேலைக்கு நடுவில் பிஸ்கட், சிப்ஸ், மறுபடி காபி. அதிகாலை நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் ஆர்டர் செய்து வரவழைத்த பிரியாணி அல்லது பரோட்டா. சாப்பிட்ட கையோடு படுக்கை. ஆனால் தூக்கம் வராது.

மருத்துவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனை பற்றி. "தைராய்டு, ரத்த சோகை எல்லாம் பார்த்தாச்சோ? இல்லைன்னா முதலில் அது. ஆயுர்வேத டாக்டரா இருந்தாலும் அதைப் பார்க்காமல் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அதன் பிறகுதான் மற்றது.

இரவு விழிப்பைப் பற்றி வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் ஒரு நடைமுறை யோசனை சொல்கிறது. ராத்திரி விழிக்க நேர்ந்தவர்கள், விழித்த நேரத்தில் பாதியளவு காலையில் தூங்கிக்கொள்ளலாம். ஆனால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆயிரம் வருஷங்களுக்கு முன்பும் காவல்காரர்களும் பயணிகளும் இருந்திருக்கிறார்களே!

"வேலையை மாத்த எனக்குப் பவர் இல்லை. வரிசையை மாத்தலாம். சாப்பிட்டுத் தூங்காதே. தூங்கி எழுந்து சாப்பிடு. வேலைக்கு உட்காரும் முன்னாடி, ராத்திரி எட்டு மணிக்குச் சூடா ஒரு முழுச் சாப்பாடு. நடுராத்திரி பசிச்சா கஞ்சி. அவ்வளவுதான்."

அரை வயிறு, கால் வயிறு

அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திர ஸ்தானத்தில் எட்டாவது அத்தியாயம் முழுக்க முழுக்க அளவைப் பற்றியது. வயிற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர். மீதி ஒரு பங்கைக் காலியாக விட்டுவிட வேண்டும், காற்று புழங்க. மாவு ஆட்டும்போது கிரைண்டரை விளிம்புவரை நிரப்பினால் கல் சுற்றுமா?

கணக்கு வாத்தியாருக்கு இது உடனே பிடித்துவிட்டது. "அரை, கால், கால். சரியாப்போச்சு" என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

பிடிக்காத ஒன்றும் வந்தது. ராத்திரியில் தயிர் கூடாது. வைத்திய நூல்கள் தயிரைப் பற்றிக் கறாராகவே பேசுகின்றன. இரவில் வேண்டாம், சூடாக்க வேண்டாம், தினமும் வேண்டாம். கோயம்புத்தூர் ஜில்லாவில் பிறந்தவரிடம் போய் ராத்திரி தயிர் சாதம் கூடாது என்றால்?

"அப்புறம் எதைத்தானுங்க டாக்டர் சாப்பிடறது?"

"மோர் இருக்கே மாஷே! வெண்ணெய் எடுத்த மோர். இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. மத்தியானத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது."

தயிர் கனம், மோர் லேசு. ஒரே பாலிலிருந்து வந்தவைதான். கடைவதில்தான் வித்தியாசம். பொருளைவிடப் பக்குவம் முக்கியம் என்பதற்கு சரகர் ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். பொருளின் இயல்பு, அதைச் சமைத்த விதம், எதோடு எதைச் சேர்த்தோம், எவ்வளவு, எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்த முறையில், கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் யார். இந்த எட்டையும் பார்த்த பிறகுதான் ஓர் உணவு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். 'வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் எல்லா நோயும் போகும்' என்று போனுக்கு வருகிற செய்திகள் இந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

கர்க்கடகக் கஞ்சி

அடுத்த நாள் காலையில் விடுதிக்காரர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. கர்க்கடகம் முடிகிறவரைக்கும் கேரளத்துக் கடைகளில் கஞ்சிக்கான மருந்துப் பொட்டலங்கள் கிடைக்கும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ, அவரவர் சௌகரியப்படி குடிப்பார்கள்.

அடிப்படை ஞவரை அரிசி. நம் ஊர் அறுபதாங் குறுவையைப்போல அறுபது நாளில் விளைகிற ரகம். பாலக்காட்டு ஞவரை அரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த அரிசியைக் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்து, துணியில் முடிந்து உடம்பில் ஒற்றி எடுப்பதுதான் புகழ்பெற்ற ஞவரைக் கிழி. வயிற்றுக்குள் போனால் கஞ்சி, மேலே தேய்த்தால் கிழி.

கஞ்சிக்கு அரிசியோடு வெந்தயம், சீரகம், சுக்கு சேர்கிறது. இறக்கும்போது தேங்காய்ப்பால். சில வீடுகளில் தசபுஷ்பம் என்ற பத்து மூலிகைகளின் சாறும் உண்டு. பெயர்தான் புஷ்பம். அருகம்புல், சிறுபூளை, விஷ்ணுகிரந்தி, கரிசலாங்கண்ணி, நிலப்பனை, முயல்செவி, முடக்கத்தான் என்று பெரும்பாலும் நம் வரப்பில் மிதித்துக்கொண்டு போகிற செடிகள்தான்.

இதற்குப் பின்னால் வயிற்றுக் கணக்கு மட்டும் இல்லை. கர்க்கடகத்துக்குப் பஞ்ச மாதம் என்றே பெயர். விடாத மழை, வயலில் வேலை கிடையாது, பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும். கையில் இருக்கிற கொஞ்சம் அரிசியில், வேலியோரத்துக் கீரையையும் மூலிகையையும் போட்டு வீட்டையே காப்பாற்றியாக வேண்டும். நம் பக்கம் அதே மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறோமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் கஞ்சி, இந்தப் பக்கம் கூழ்.

மகள் முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தார். வெந்தயக் கசப்பு. மூன்றாவது வாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணம் காலியானபோது, "அம்மா களி கிண்டுவாங்கல்ல, அந்த வாசம்ப்பா" என்றார். வாத்தியார் பதில் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

கவலையோடு சாப்பிட்டால்...

கோட்டக்கல்லில் மனநோய்க்கென்றே கேரள அரசின் ஆயுர்வேத மருத்துவமனை ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது புதுச் செய்தி. ஆயுர்வேதம் என்றால் எண்ணெய்க் குளியல் என்று நினைத்துவிட்டோம். மனசுக்கும் அதில் தனி இடம் உண்டு. மருந்து சேர்த்த மோரை நெற்றியில் தாரையாக ஊற்றுகிற தக்ரதாரை இந்த ஊர்ப் பக்கம் பிரசித்தம். வயிற்றுக்கு நல்லது என்று சொன்ன அதே மோர், இங்கே தலைக்கு மேலிருந்து சொட்டுகிறது.

மனசும் வயிறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை சரகர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அளவாக, நல்ல உணவாகவே சாப்பிட்டாலும் கவலை, துக்கம், பயம், கோபம் இவற்றோடும், தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமலும் சாப்பிட்டால் செரிக்காது என்பது அதன் சாரம். பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! இன்றைய மருத்துவமும் குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பைப் பற்றி நிறையப் பேசுகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உற்பத்தியாகிறது. குடலில் உருவாவது அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆயுர்வேதம் பார்க்கப் போகிறோம் என்று அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு மருந்துகளும் தெரிந்திருக்க வேண்டும். உலோகம் சேர்ந்த மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. கஞ்சியும் மோரும் உணவு. அவை மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

மனசுக்கு வேண்டியது மருந்து மட்டுமல்ல என்று பி.எஸ்.வாரியரும் நினைத்திருப்பார்போல. ஆரம்பத்தில் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். 1939-ல் கதகளிக் குழுவைத் தொடங்கினார். பி.எஸ்.வி. நாட்டிய சங்கம் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. விசுவம்பரர் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கதகளி நடக்கும். கஷாயப் புட்டியும் கதகளிக் கிரீடமும் ஒரே முற்றத்திலிருந்து வருகிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

மாஷ் யாரோடு சாப்பிடுகிறார்?

மூன்றாம் நாள், கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகப் போனார்கள். மகளுக்கு எழுதித் தந்தவற்றை விளக்கிவிட்டு, அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"மாஷ் ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"எனக்கு என்னங்க, ஒண்ணும் பிரச்னையில்லை. காலையில ஆக்கின சோறு இருக்கும்."

"சூடு பண்ணி?"

"ஒரு ஆளுக்கு எதுக்குங்க அடுப்புப் பத்த வெச்சுட்டு..."

"எங்கே உட்கார்ந்து?"

வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். "உட்கார்றதெல்லாம் இல்லைங்க. சமையல் ரூம்லயே நின்னுட்டு ரெண்டு வாய் போட்டுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுருவேன்."

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா போய் இரண்டு வருஷம். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "ஆச்சு கண்ணு" என்று பதில் வந்திருக்கிறது. எப்படி ஆச்சு என்று கேட்டதில்லை.

மருத்துவர் உடனே மருந்து எதுவும் எழுதவில்லை. வாக்படர் சொல்வதை மட்டும் சொன்னார். பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டு, வீட்டில் நம்மை நம்பியிருக்கிற விலங்குகளையும் கவனித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். கை கால் கழுவி, மனசைச் சாப்பாட்டில் வைத்து, பேசாமல், சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும். பிடித்ததை, பிடித்தவர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும்.

"பேசாமல் சாப்பிடணும்னு எழுதியவர்தான் பிடிச்சவங்களோடு சாப்பிடணும்னும் எழுதியிருக்கார். பேச வேண்டாம்னு சொன்னார் மாஷே, ஆளே வேண்டாம்னு சொல்லலை."

வாத்தியார் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ இருந்தப்ப காக்காய்க்கு ஒரு உருண்டை வைக்காம எனக்குத் தட்டு வைக்க மாட்டாளுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாடித் துடிப்பு பார்த்து, நாக்கைப் பார்த்து, கடைசியில் அவருக்கு எழுதப்பட்டது ஒரு சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. அஷ்ட சூரணம் என்று கேரளத்தில் அழைப்பார்கள். சுடுசோற்றில் நெய் விட்டு, இந்தப் பொடியைப் பிசைந்து, முதல் உருண்டையாகச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு அங்காயப் பொடியும் நெய்யும் பிசைந்து கொடுப்பார்களே, அதற்கு அண்ணன் முறை. அதிலும் முக்கியம், சோறு சூடாக இருக்க வேண்டும் என்பது. அதாவது, அவர் அடுப்பைப் பற்றவைத்தே ஆக வேண்டும்.

எட்டு மணி

ஊர் திரும்பிய பிறகு பெரிய அதிசயமெல்லாம் நடந்துவிடவில்லை. மகளின் ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவென்று வந்தது. மாத்திரை தொடங்கியிருக்கிறார். பரோட்டா அடியோடு போய்விடவில்லை, வாரம் ஒருநாள் என்று குறைந்திருக்கிறது. காலைத் தூக்கம் மெதுவாக வழிக்கு வருகிறது.

மாறியது ராத்திரி எட்டு மணி. பெங்களூரில் மகள் வேலைக்கு உட்காரும் முன், தட்டில் சூடாகச் சோறு போட்டுக்கொண்டு போனைத் தண்ணீர் செம்பின்மேல் சாய்த்து வைக்கிறார். உடுமலைப் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியாரும் அதேபோல் பலகை போட்டு உட்கார்கிறார். தட்டுக்குப் பக்கத்தில் போன் கூடாது என்று சொன்ன மருத்துவர், இந்த ஒரு போனுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பொடி பிசைந்த முதல் உருண்டையை அப்பா எடுக்கிறாரா என்று மகள் பார்க்கிறார். மகள் தட்டில் காய் இருக்கிறதா என்று அப்பா பார்க்கிறார்.

மத்தியானம் மதில் சுவரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கப்படுகிறது. "வெச்சா வருதா அப்பா?" என்று மகள் கேட்டாராம். "ரெண்டு நாள் வரலை. மூணாம் நாள் வந்துருச்சு கண்ணு" என்றாராம்.

எப்படிப் போகலாம்?

ரயில்: சென்னை, கோவை, பாலக்காடு வழியாக மங்களூர் செல்லும் ரயில்களில் திரூர் இறங்கலாம். அங்கிருந்து கோட்டக்கல் சுமார் 15 கி.மீ. பஸ், ஆட்டோ உண்டு.

சாலை: பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா வழியாக நூறு கிலோமீட்டருக்குள் போய்விடலாம்.

விமானம்: கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூர் அருகில்தான்.

பார்க்க: பி.எஸ்.வாரியர் அருங்காட்சியகம், மூலிகைத் தோட்டம், விசுவம்பரர் கோயில். வழியில் திரூர் துஞ்சன் பறம்பு.

கவனிக்க: உள்நோயாளியாகச் சேர விரும்பினால் முன்பதிவு அவசியம். பழைய பரிசோதனை அறிக்கைகளையும், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கூடப் போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சாப்பாடு எப்படி நடக்கிறது என்று.